நீலச் சிலிண்டரும் சேம அச்சும்



2023ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஓர் இரவு, ஜேர்மனியிலிருந்து என் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கம்பர் வான் ஒண்டு வாங்கியிருக்கிறன். லீவு எடுத்துக்கொண்டு ஒருக்கா வாரும்" என்றார். இணைப்புத் தெளிவாக இருக்கவில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கம்பனைப் படிப்பித்து வரும் எனக்கு, அந்தச் சொல் வேறு விதமாகத்தான் காதில் விழுந்தது. கம்பருக்கும் வானுக்கும் என்ன தொடர்பென்று நான் திகைத்து நிற்க, அக்கா தொலைபேசியை வாங்கிச் சிரித்தபடி விளக்கினார். அது கம்பர் அல்ல, காம்பர். படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த வாகனம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்குப் பதிலாக வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம், வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி பெற்று நான் ஜேர்மனிக்குப் போனேன். மூவருமாக அந்த வானில் பிரான்ஸ் வழியாக ஸ்பெயின் நாட்டுக்குப் பயணமானோம். அங்கே நான் கண்ட தேவாலயங்களையும் ஓவியங்களையும் பற்றி இன்று பேசப்போவதில்லை. ஒரு காஸ் சிலிண்டரைப் பற்றியே பேசப்போகிறேன். இலக்கிய உரையில் சிலிண்டருக்கு என்ன இடம் என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். பாணரும் கூத்தரும் நடந்த பழைய வழிக்கு அந்தச் சிலிண்டர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1985இல் ஜேர்மனிக்குப் போனவர். அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருந்த காலத்தில், தமக்கு விதிக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்ற சட்டத்துக்குள் வாழ்ந்தவர். பக்கத்து நகரில் நடந்த நண்பரின் கலியாணத்துக்குப் போவதற்கும் கடிதம் எழுதிக் காத்திருந்தவர். அதே 1985இல்தான் ஷெங்கன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1995 மார்ச் மாதத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனைகள் நீங்கின. ஆகவே ஓய்வு பெற்றதும் அவர் வாங்க விரும்பியது காணியோ கடையோ அல்ல, எல்லைகளைத் தாண்டி ஓடும் ஒரு வாகனம். அந்த ஆசையின் பொருள் எனக்கு விளங்கியது.

வானின் பக்கவாட்டில் சிறிய பெட்டியறை ஒன்று உண்டு. அதற்குள் சாம்பல் நிறத்தில் 5 கிலோ கொள்ளும் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் நின்றன. பெட்டியறையின் அடித்தட்டில் ஒரு துளை இருந்தது. புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். அது வெளியேறுவதற்கே அந்தத் துளை. அடுப்பும் வெந்நீரும் இந்தச் சிலிண்டரால் இயங்கின. எனக்கு வியப்பைத் தந்தது, குளிர்சாதனப் பெட்டியும் அதனாலேயே இயங்கியதுதான். மின்சாரம் இல்லாத இடத்தில் பெட்டியின் பின்புறம் சிறு நீலச்சுடர் ஒன்று எரியும். அது அமோனியாக் கரைசலைச் சூடாக்க, முன்புறம் குளிரும். பால்ட்ஸார் ஃபொன் பிளாட்டென், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரண்டு சுவீடன் நாட்டு மாணவர்கள் 1922இல் கண்டறிந்த முறை இது. நெருப்பிலிருந்து குளிரைப் பெறுவது நம் புலவர்களுக்கு ஓர் அழகிய முரண்தொடையாக இருந்திருக்கும். எங்களுக்கோ அது உயிர்த்தேவையாக இருந்தது. அக்காவுக்கு நீரிழிவு. ஐந்து வாரத்துக்கான இன்சுலின் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும்.

முதற் சிலிண்டர் தென் பிரான்சில் தீர்ந்தது. பெரிய அங்காடி ஒன்றின் முன்னால் கம்பிக்கூட்டுக்குள் பல நிறச் சிலிண்டர்கள் அடுக்கியிருந்ததைக் கண்டு, மாற்றிக்கொள்ளலாமென்று வெற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு போனோம். கடைக்காரப் பெண் அதைப் பார்த்ததும் தலையசைத்தார். அவ்வந்த நிறுவனத்தின் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்தால்தான் அதே நிறுவனத்தின் நிறைந்த சிலிண்டரைப் பெறலாம். எங்களுடையது ஜேர்மனியச் சிலிண்டர். அந்த நாட்டின் எந்தக் கடையிலும் மாற்றத்தக்கது, எல்லைக்கு இப்பால் வெறும் இரும்பு. புதிதாக எடுப்பதானால் வைப்புப் பணம் கட்டி எழுதிக்கொடுக்க வேண்டும். "இன்னொண்டு நிறையக் கிடக்குத்தானே, ஸ்பெயினிலை பார்ப்பம்" என்றார் அத்தான். நாங்கள் செய்த பிழை அதுதான்.

எண்ணிப் பார்த்தால் விந்தையாக இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டில் ஒட்டிய ஒரே விசாவுடன் நான் மூன்று நாடுகளில் நடமாடினேன். அத்தான் இப்போது ஜேர்மனியப் பிரசை. எங்களை எந்த எல்லையிலும் எவரும் மறிக்கவில்லை. சிலிண்டருக்கு மாத்திரம் விசா கிடைக்கவில்லை. மனிதருக்குத் திறந்த எல்லை அடுப்புக்குத் திறக்கவில்லை.

ஸ்பெயினில், எப்ரோ ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். பார்க்குமிடமெல்லாம் நெல்வயல். கொக்குகள் வரப்பில் நின்றன. அக்கா வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, வெகுநேரம் பேசாமல் நின்றார். வயலுக்குப் பக்கத்திலேயே கடல். மருதமும் நெய்தலும் மயங்கிய நிலம். அன்று ஓகஸ்ட் மாத நெரிசலில் முகாம்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒரு முகாமில் மாத்திரம், மின்னிணைப்பு இல்லாத ஒரு மூலையைத் தந்தார்கள். மின்சாரம் இல்லையென்றால் என்ன, காஸ் இருக்கிறதே என்று தங்கிவிட்டோம்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணியளவில், தயிர் எடுக்கப் பெட்டியைத் திறந்த அக்கா குரல் கொடுத்தார். "இஞ்சாருங்கோ, தயிர்ச்சட்டி வேர்த்துக் கிடக்குது." அத்தான் ஓடிப்போய்ப் பார்த்தார். பின்புறச் சுடர் அணைந்திருந்தது. இரண்டாவது சிலிண்டரும் வெறுமை. வெளியே கடும் வெயில். வானின் உள்ளே அதனிலும் கூடிய வெக்கை. இன்சுலின் பொதியைத் தொட்டுப் பார்த்தோம். இன்னும் குளிர்ந்திருந்தது, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு?

அருகிலிருந்த ஊரில், காஸ் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தோம். அங்கே நின்ற செம்மஞ்சள் நிறச் சிலிண்டர்களைக் கண்டதும் ஊர் நினைவு வந்தது. எங்கள் வீட்டுச் சிலிண்டரைப் போலவே 12.5 கிலோ. எங்கள் வீட்டில் போலவே மேலே வைத்து அழுத்திப் பூட்டும் தலை. நிறம் மாத்திரமே வேறு. ஆனால் பழைய நண்பரைக் கண்ட மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அங்கும் வெற்றுச் சிலிண்டர் கேட்டார்கள். புதிதாகப் பெற ஒப்பந்தம் எழுத வேண்டுமென்றார்கள். கொடுத்தாலும் அதன் பருமன் எங்கள் பெட்டியறைக்குள் அடங்காது. எங்கள் சிலிண்டரோ திருகிப் பூட்டும் புரியுள்ளது. அதன் தலை இதற்குப் பொருந்தாது.

அடுத்து, வாகனங்களுக்குத் திரவ வாயு நிரப்பும் பெற்றோல் நிலையமொன்றுக்குப் போனோம். அங்கே ஓடுவதும் இதே வகை வாயுதான். சிலிண்டரைத் தூக்கிக் காட்டி, நிரப்பித் தரும்படி சைகையால் கேட்டோம். அங்கிருந்த முதியவர் கையை விரித்து மறுத்தார். அத்தான் இன்சுலின் பொதியைக் காட்டினார். முதியவரின் முகம் இளகியது. ஆனாலும் மறுத்தார். கடற்கரைப் பக்கம் கையை நீட்டி, "அல்ஃபாக்கஸ், அல்ஃபாக்கஸ்" என்று இரண்டு முறை சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. திரும்பும் வழியில் அத்தான் மெல்லச் சொன்னார்: "உந்தக் கைவிரிப்பு எனக்குப் பழக்கம் தம்பி. எண்பத்தஞ்சிலையிருந்து எத்தினை கந்தோரிலை பார்த்தனான்." அதற்கு மேல் அவர் பேசவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும், அலுவலகத்திலிருந்த பெண் விடயத்தை அறிந்து இன்சுலின் பொதியை வாங்கித் தமது குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அது. பதற்றத்தில் பக்கத்திலிருப்பவரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் என்ன செய்வது? பயணத்தில் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஓடும்போது பெட்டியை வானின் மின்கலம் பார்த்துக்கொள்ளும், நின்றால் என்ன வழி?

எங்கள் மூலைக்கு எதிரே ஒரு பெரிய வான். அதில் நெதர்லாந்து நாட்டு முதிய தம்பதியர். அத்தான் சிலிண்டரை உருட்டி வருவதைக் கண்ட அந்த முதியவர் எழுந்து வந்து, ஜேர்மன் மொழியில் விசாரித்தார். பெற்றோல் நிலையத்தில் நடந்ததைக் கேட்டதும், எங்கள் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அத்தான் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அல்ஃபாக்கஸ் என்பது அந்தக் கடற்கரையில், அல்கனார் என்னும் ஊரருகே இருந்த ஒரு முகாம். 1978 யூலை 11ஆம் திகதி, திரவமாக்கிய புரொப்பிலீன் வாயுவை அளவுக்கு மீறி நிரப்பிக்கொண்டு வந்த கொள்கலன் வண்டியொன்று, அந்த முகாமை ஒட்டிய வீதியில் வெடித்தது. விடுமுறைக்கு வந்திருந்தோர் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திரவ வாயு வெயிலில் விரியும். விரிவதற்கு இடமில்லாவிட்டால் இரும்பைப் பிளக்கும். ஆகவேதான் இத்தகைய கலங்களை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. வானில் நிலையாகப் பொருத்தும் தாங்கிகளில், 80 வீதம் நிறைந்ததும் தானாக அடைக்கும் வால்வு உண்டு. எங்களுடையது போன்ற சாதாரணச் சிலிண்டரில் அது இல்லை. காஸ் நிலையங்களில் நிறுத்துப் பார்த்து நிரப்புவார்கள். பெற்றோல் நிலையத்தில் நிறுக்க வழியில்லை. அந்த முதியவரின் மறுப்பு எங்கள்மேல் கொண்ட வெறுப்பு அல்ல, தம் ஊர் கண்ட சாவின் நினைவு.

அத்தான் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அந்த மனுசனைப் பிழையாய் நினைச்சுப்போட்டன்" என்றார்.

நெதர்லாந்துக்காரர் தமது வானைச் சுற்றிக் காட்டினார். அதன் அடியில் நிலையான தாங்கி. அதை நிரப்பும் வாய் வெளிப்புறத்தில் இருந்தது. நாட்டுக்கு நாடு நிரப்பும் குழாயின் முனை வேறுபடும். ஜேர்மனியில் ஒரு வகை, பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஒரு வகை, நெதர்லாந்திலும் பிரித்தானியாவிலும் ஒரு வகை, ஸ்பெயினில் ஒரு வகை. அவரிடம் சிறு துணிப்பையில் இதற்கான பித்தளை இணைப்பிகள் இருந்தன. தாங்கியைத் தவிர, 2.75 கிலோ கொள்ளும் ஒரு சின்ன நீலச் சிலிண்டரும் வைத்திருந்தார். காம்பிங்காஸ் எனப்படும் அதை ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மாற்றிக்கொள்ளலாம். கிலோக் கணக்கில் பார்த்தால் விலை கூடியது, ஆனால் எல்லை கடக்கத் தெரிந்தது. அதைத் தூக்கி வந்து எங்கள் பெட்டியறைக்குள் வைத்து, ஓர் இணைப்பியையும் பூட்டினார். அவசரத்தில் அத்தான் வழமைபோல வலப்பக்கம் திருக, முதியவர் அவர் கையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். எரிவாயுப் புரிகள் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். பிறகு சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சுடர் பற்றியது.

அத்தான் பணத்தை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. தாங்கள் நாளை ஊருக்குத் திரும்புவதாகவும், முன்னொரு காலம் தமக்கும் இப்படி ஒருவர் தந்ததாகவும், எங்களுக்குத் தேவை தீர்ந்ததும் வேறு எவருக்காவது கொடுக்கும்படியும் சொன்னார்.

நேயர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பழந்தமிழரின் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் எழுந்தன.

வண்டியில் குடும்பத்தோடு நாடு நாடாகச் சென்றவர்கள் நம் இலக்கியத்தில் உண்டு. அவர்கள் உப்பு வணிகரான உமணர். பெரும்பாணாற்றுப்படை அவர்களின் வண்டித்தொடரை நுணுக்கமாகக் காட்டுகிறது. வண்டியில் காடிக்கலயம் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். கம்பர் வானுக்கு முன்னோடி அந்த வண்டியே. புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ எடுத்துக்கொண்ட உவமையும் உமணர் வண்டியிலிருந்து வந்ததுதான். வழியில் எந்தப் பள்ளத்தில் அச்சு முறியுமோ என்று, வண்டியின் அடியில் அவர்கள் மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டி வைப்பார்கள். அதன் பெயர் சேம அச்சு. பத்தாண்டுக்கு மேலாக அந்தப் பாட்டை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். "சேம அச்சு என்றால் மேலதிக அச்சு" என்று கரும்பலகையில் எழுதியுமிருக்கிறேன். அது எத்தனை பெரிய சொல் என்பதை அந்த நீலச் சிலிண்டரைத் தொட்டபோதே அறிந்தேன். அந்த முதியவர் தந்தது தம் வண்டியின் சேம அச்சை.

அகநானூற்றில் இன்னொரு காட்சி. உமணர் கூட்டம் பாலை வழியில் கல் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைத்து, போய்விடுகிறது. கல்லடுப்பு அங்கேயே கிடக்கிறது. பின்னால் வரும் வேறொரு கூட்டம் அதே அடுப்பில் சமைக்கிறது. முன்னவர் எவரென்று பின்னவர் அறியார். ஆனால் அடுப்பு அவர்களுக்குக் காத்திருக்கிறது.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையும் இந்த வழியில் பிறந்ததுதானே? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிரே வருபவருக்கு வழி சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று வரிசைப்படுத்துகிறார். கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, மருதநிலத்து ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறு. அரசனின் புகழைப் பாட எழுந்த பாட்டில் இத்தனை சாப்பாட்டுச் செய்தி எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இனிமேல் அவர்களுக்கு நான் தடுமாறாமல் விடை சொல்வேன். வழிப்போக்கனுக்கு முதல் அறிவு, அடுத்த அடுப்பு எங்கே எரிகிறது என்பதுதான். அதைப் பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் வழி அடைபட்டுவிடும்.

இதை அறிய நான் ஐரோப்பாவுக்குப் போயிருக்கத் தேவையில்லை என்பதும் உண்மை. 2022இல் நம் நாட்டில் என்ன நடந்தது? வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துத் தெருவோரம் வரிசையில் வைத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். எந்தச் சந்தியில் லொறி வரும் என்று முன்பின் அறியாதவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். விறகடுப்பைப் பகிர்ந்துகொண்டோம். எதிரே வந்தவருக்கு வழி சொன்ன அந்த நாட்களில், நாம் அறியாமலே ஆற்றுப்படை பாடிக்கொண்டிருந்தோம்.

ஆகையால், என் பங்குக்கு நானும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு ஜேர்மனியிலோ பிரான்சிலோ உடன்பிறந்தார் இருப்பார்கள். இப்படியொரு வானில் ஏறும்படி அவர்கள் உங்களையும் அழைக்கலாம். ஏறுமுன் இரண்டு சிலிண்டர்களும் நிறைந்துள்ளனவா என்று பாருங்கள். ஒன்று தீர்ந்த அன்றே அதற்கு மாற்றுத் தேடுங்கள், மற்றது தீரும்வரை காத்திராதீர்கள். குளிர்சாதனப் பெட்டி மாத்திரமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் வாயுவை உண்ணும். நாட்டுக்கு நாடு தலை மாறும், ஆகவே இணைப்பிகளைப் பையில் வைத்திருங்கள். சேம அச்சாக ஒரு நீலச் சிலிண்டரும் இருக்கட்டும். குளிர் மலைகளுக்குப் போவதானால் அது புரொப்பேன் அல்ல, பியூட்டேன் என்பதை மறவாதீர்கள். புரொப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். பியூட்டேன் சுழியை அண்டியதும் சோர்ந்துவிடும். இரண்டின் விகிதம் மாறினால் என்ன ஆகும் என்ற பேச்சு, 2021இன் இறுதியில் நம் சமையலறைகளில் அடுப்புகள் வெடித்தபோது எழுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். எவராவது இரக்கப்பட்டு, சாதாரணச் சிலிண்டரைப் பெற்றோல் நிலையத்தில் நிரப்பித் தர முன்வந்தாலும் வேண்டாமென்று சொல்லுங்கள். மறுப்பவரைக் கோபியாதீர்கள், அவர் ஊருக்கும் ஒரு கதை இருக்கும். மருந்தை ஒரே சுடரை நம்பி வைக்காதீர்கள். பக்கத்திலிருப்பவரைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

அக்கா நலமாக இருக்கிறார். இன்சுலின் பழுதாகவில்லை. அந்த நீலச் சிலிண்டர் இன்னமும் அத்தானுடைய வானில்தான் இருக்கிறது. அதை மூன்று முறை மாற்றி நிரப்பிவிட்டாராம். கொடுக்க வேண்டிய ஆளை இன்னும் சந்திக்கவில்லை என்று சென்ற மாதமும் தொலைபேசியில் சொன்னார். "வழியிலை ஆரும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகினமோ எண்டு பார்த்துக்கொண்டுதான் ஓடுறன் தம்பி" என்றார். எனக்குக் கொடுக்கச் சிலிண்டர் இல்லை. பெற்றதைப் பெறாதவருக்குச் சொல்லும் இந்த உரை மாத்திரமே உண்டு. அதைத் தந்துவிட்டேன்.